அந்தப் பெட்டிக்குள்ளே நாற்பது தட்டு

(பட்டிமன்றத் தலைப்பு: "பெரிய கலைஞர்களை உருவாக்குவது பிறவித் திறமையா? கேள்விச் செல்வமா?" கேள்விச் செல்வமே என்ற அணியில் ஆற்றிய உரை)

நடுவர் அய்யா அவர்களே! எதிரணியின் தலைவர் அண்ணன் அவர்களே! இந்த விடுமுறை நாளில் சமையலை முடித்தும் முடிக்காமலும் தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! அந்தச் சமையல் எப்போ வரும் என்று அடுப்படியையே பார்த்துக்கொண்டிருக்கிற பெரியோர்களே! (சிரிப்பு) 

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். நல்ல பேச்சுக்குக் கைதட்டாமல் இருக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. என்ன கேட்டார்கள்? "குயிலுக்கு யார் பாட்டு சொல்லிக் கொடுத்தது? காக்கா கூட்டில் பொரிந்த குயில் குஞ்சு, காக்கா மாதிரியா கத்துது? குயிலாத்தானே கூவுது? அப்போ திறமை பிறவியில் வருவதுதானே?" என்று கேட்டார்கள்.

சகோதரி, நீங்கள் சொன்னது உண்மை. குயிலுக்கு அது பிறவியில் வந்ததுதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் குயிலுக்கு மொத்தம் எத்தனை பாட்டு தெரியும்? கூ... கூ... கூ... அவ்வளவுதான்! அதோட தாத்தா பாடியதும் அதுதான், பேரன் பாடப் போவதும் அதுதான். அதில் பல்லவி உண்டா, சரணம் உண்டா? பிறவியில் வந்த திறமையை மட்டும் நம்பினால் ஆயுசு முழுக்க "கூ" தான்! (பலத்த கைதட்டல்)

வேறொரு பறவையைச் சொல்கிறேன். சாஃபிஞ்ச் என்று இங்கிலாந்தில் ஒரு சின்னக் குருவி இருக்கிறது. அருமையாகப் பாடும். கேம்பிரிட்ஜில் தோர்ப் என்கிற அறிஞர் 1950-களில் ஒரு சோதனை செய்தார். அந்தக் குருவிக் குஞ்சை, பெரிய குருவிகள் பாடுவதே காதில் விழாதபடி தனியாக வைத்து வளர்த்தார். வளர்ந்த பிறகு அது பாடியதா? பாடியது. எப்படி? அரையும் குறையுமாக, தன் இனத்தின் முழுப் பாட்டை அறியாததாகப் பாடியது. தொண்டை இருக்கிறது, ஆசை இருக்கிறது, கேள்வி இல்லை. அதனால் பாட்டு இல்லை. குருவிக்கே இந்தக் கதி என்றால் மனுஷனுக்கு?

சரி, பறவையை விடுவோம். எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு பெரிய துருப்புச் சீட்டை இறக்கினார். "பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனைப் பாருங்கள்! அவருக்கு இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஃபெயில். ஆனாலும் உலகத்தையே ஆட வைத்தார். அது பிறவி மேதைமை இல்லாமல் வேறென்ன?" என்று கேட்டுவிட்டு, மேஜையைத் தட்டிவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

அண்ணே, உங்களுக்குக் கோடி நன்றி. நான் எந்த ஆளைப் பற்றிப் பேச வந்தேனோ அந்த ஆளை நீங்களே மேடையில் ஏற்றி உட்கார வைத்துவிட்டீர்கள். பொண்ணு பார்க்கப் போன வீட்டில் பந்தி போட்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு! (சிரிப்பு)

லெனனுக்கு இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது என்பது உண்மை. 1957-ல் பள்ளி இறுதித் தேர்வில் எல்லாப் பாடத்திலும் கோட்டை விட்டதும் உண்மை. அப்படியானால் அவர் இசையைக் கற்றது எங்கே? கண்ணால் கற்கவில்லை. காதால் கற்றார். அதற்கு அவரே ஒரு சாட்சியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சாட்சி ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைத்தான் இன்றைக்கு இந்த மேடையில் திறக்கப் போகிறேன்.

ஜூக்பாக்ஸ் என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கால வெளிநாட்டுப் படங்களில் ஹோட்டல் மூலையில் கண்ணாடியும் கலர் விளக்குமாக ஒரு பீரோ நிற்கும். காசைப் போட்டு, வேண்டிய பாட்டின் பொத்தானை அமுக்கினால், உள்ளே ஒரு கை போய் அந்த இசைத்தட்டைத் தேடிப் பிடித்து எடுத்துவந்து ஓடவிடும். பாட்டு முடிந்ததும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடும். நம் வீட்டில் ஒரு பொருளை எடுத்த இடத்தில் வைக்கிற ஒரு பிள்ளை உண்டா? அந்த மிஷினுக்கு இருக்கிற ஒழுக்கம் நம் பிள்ளைகளுக்கு இல்லை! (சிரிப்பு)

இதன் ஆரம்பம் 1889. அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தில் ஒரு மதுக்கடையில், லூயி கிளாஸ் என்பவர் காசு போட்டால் பாடுகிற இயந்திரத்தை முதன்முதலில் வைத்தார். அப்போது ஸ்பீக்கர் கிடையாது. டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பாரே, அந்த மாதிரி குழாய்கள் நான்கு தொங்கும். ஐந்து சென்ட் போட்டுவிட்டு குழாயைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். காசு போட்டவர் காதுக்கு மட்டும் பாட்டு! இன்றைக்கு நம் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு, நாம் "சாப்பிட வாடா" என்று கூப்பிடுவது கேட்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறார்களே, அதற்குத் தாத்தா அந்தக் குழாய்தான்.

பிறகு ஸ்பீக்கர் வந்தது. 1949-ல் ஏழு அங்குலச் சின்ன இசைத்தட்டு வந்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டு, இரண்டு பக்கம், இரண்டே பாட்டு. தட்டு சின்னதாக ஆனதும் பெட்டியும் சின்னதாக ஆனது. 1965-ல் ஜான் லெனன் அப்படி ஒரு பெட்டியை வாங்கினார். கே.பி. டிஸ்கோமேட்டிக் என்று பெயர். பீரோ மாதிரி இருக்காது. கையோடு எடுத்துப் போகலாம். அதில் நாற்பது தட்டு பிடிக்கும். நாற்பதே நாற்பது.

இங்கேதான், நடுவர் அவர்களே, கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 1965-ல் லெனன் யார்? உலகத்தில் எந்த ரேடியோவைத் திருப்பினாலும் அவர் குரல். கடைக்குப் போய்க் கேட்டால் கடையையே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எத்தனை ஆயிரம் தட்டு வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் பெட்டியில் இடம் நாற்பதுக்குத்தான். அப்போ எதை வைப்பார்? எது இல்லாமல் தன்னால் முடியாதோ அதைத்தானே வைப்பார்? நாலு மாதம் வெளியூர் போகிற மகனுக்கு அம்மா பெட்டி கட்டுகிற மாதிரிதான் அது. இடம் குறைவாக இருக்கும்போதுதான் உண்மையான ஆசை எது என்று தெரியும்.

என்ன தட்டு எந்த இடத்தில் என்று அவரே தன் கைப்பட எழுதி ஒரு பட்டியல் வைத்தார். அந்தப் பட்டியலைப் படித்துப் பார்த்தால் ஆச்சரியம். பீட்டில்ஸ் குழுவின் தட்டு ஒன்றுகூட அதில் இல்லை! நம்மில் எத்தனை பேரால் முடியும்? நான் பேசிய பழைய பட்டிமன்றக் கேசட்டை நானே எத்தனை தடவை போட்டுக் கேட்டிருக்கிறேன் என்று என் வீட்டம்மாவைக் கேளுங்கள்! (சிரிப்பு) அவர்கள் முகத்தைத் தயவுசெய்து இப்போது கேமராவில் காட்டாதீர்கள்.

தன் பாட்டு இல்லை. அப்படியானால் யார் பாட்டு? பாபி பார்க்கர் என்று ஒருவர். அமெரிக்கக் கறுப்பினத்துக் கிதார் கலைஞர். இங்கே இருக்கிற எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? அவர் 1961-ல் 'வாட்ச் யுவர் ஸ்டெப்' என்று ஒரு தட்டு போட்டார். அதில் கிதாரில் ஒரு சுழற்சி வரும். சுற்றிச் சுற்றி வந்து மனசைக் கட்டிப்போடும். 1964-ல் பீட்டில்ஸ் குழு 'ஐ ஃபீல் ஃபைன்' என்று ஒரு பாட்டு போட்டு உலகத்தைக் கலக்கினார்களே, அதன் ஆரம்பக் கிதாருக்கு விதை எங்கே? அந்தத் தட்டில்! லெனன் அதை மறைக்கவில்லை. பிற்காலத்தில் வாய்விட்டே ஒத்துக்கொண்டார்.

அடுத்த தட்டு, புரூஸ் சேனல் என்பவர் பாடிய 'ஹே பேபி'. அதில் மவுத் ஆர்கன் பிரமாதமாக வரும். வாசித்தவர் டெல்பர்ட் மெக்கிளிண்டன். 1962-ஆம் ஆண்டு கோடையில், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் நியூ பிரைட்டன் என்ற ஊரில் அவர்கள் வந்து கச்சேரி செய்தபோது, அதே மேடையில் முன்னால் வாசித்த உள்ளூர்ப் பையன்கள் யார் தெரியுமா? பீட்டில்ஸ்! இன்னும் சொந்தமாக ஒரு தட்டுகூட வெளியிடாத பீட்டில்ஸ். அந்த வருஷம் அக்டோபரில் அவர்களின் முதல் தட்டு 'லவ் மீ டூ' வந்தது. எடுத்த எடுப்பிலேயே காதில் விழுவது எது? லெனனின் மவுத் ஆர்கன்!

அண்ணே, இதற்குப் பெயர் பிறவித் திறமையா, கேள்வியா? (கைதட்டல்)

'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டைக் கேட்டிருப்பீர்கள். லெனன் தொண்டை கிழியக் கத்திப் பாடுவார். 1963 பிப்ரவரி 11-ஆம் தேதி லண்டனில் ஒரே நாளில் பத்துப் பாட்டு பதிவு. லெனனுக்குக் கடும் ஜலதோஷம். இருக்கிற குரலும் போய்விடும் என்பதால் அந்தப் பாட்டைக் கடைசிக்கு வைத்தார்கள். ஒரே தடவையில் பாடி முடித்தார். இன்றைக்கும் உலகம் அதை லெனன் பாட்டு என்றுதான் நினைக்கிறது. ஆனால் பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே ஐஸ்லி சகோதரர்கள் 1962-ல் பாடிய தட்டு உட்கார்ந்திருக்கிறது. 'மணி' என்ற பாட்டையும் லெனன் பாடினார். பெட்டிக்குள்ளே 1959-ல் பாரெட் ஸ்ட்ராங் பாடிய தட்டு உட்கார்ந்திருக்கிறது. லிட்டில் ரிச்சர்ட் இருக்கிறார். ஸ்மோக்கி ராபின்சன் இருக்கிறார். சக் பெரி இருக்கிறார். வில்சன் பிக்கெட் இருக்கிறார். பாப் டிலன் இருக்கிறார்.

எதிரணி நண்பர் இப்போது முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. "அந்தத் தட்டுகளை லிவர்பூலில் எத்தனையோ பையன்கள் கேட்டிருப்பார்களே, எல்லாரும் ஏன் லெனன் ஆகவில்லை?" என்கிறார். நல்ல கேள்வி. பதில் சொல்லாமல் போக மாட்டேன்.

காதில் விழுவது வேறு, காது கொடுப்பது வேறு. வள்ளுவர் 'கேள்வி' என்று ஒரு அதிகாரமே வைத்தார். எங்கே வைத்தார் என்று பாருங்கள். நாற்பதாவது அதிகாரம் கல்வி. நாற்பத்தொன்று கல்லாமை. அதற்கு அடுத்து, நாற்பத்திரண்டாவதாகக் கேள்வி. அதற்கு அடுத்துத்தான் அறிவுடைமை. படிக்காமல் போனவனுக்கும் அறிவுக்குப் போக ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவு காது என்று அந்த வரிசையே சொல்கிறது. பள்ளியில் கோட்டை விட்ட லெனன் நுழைந்தது அந்தக் கதவு வழியாகத்தான்.

அவருடைய சின்ன வயசு எப்படிப்பட்டது? 1940 அக்டோபர் 9-ல் லிவர்பூல் துறைமுக நகரத்தில் பிறந்தார். அப்பா கப்பலில் வேலை, வீட்டில் தங்கமாட்டார். ஐந்து வயசிலிருந்து வளர்த்தது பெரியம்மா மிமி. கண்டிப்பான பெரியம்மா. கிதார் வாசிப்பது எல்லாம் சரி, அதை வைத்துக்கொண்டு சோறு சாப்பிட முடியுமா என்று கேட்ட பெரியம்மா. எந்த ஊராக இருந்தால் என்ன, பெரியம்மாக்கள் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள்! (சிரிப்பு) பெற்ற தாய் ஜூலியா வேறு வீட்டில் இருந்தார். பாஞ்ஜோ என்ற கருவியை வாசிப்பார். மகன் பார்க்கப் போகும்போது அதில் விரல் வைக்கச் சொல்லிக் கொடுத்தது அந்தத் தாய்தான். 1958 ஜூலையில் சாலையைக் கடக்கும்போது கார் மோதி அவர் இறந்துபோனார். லெனனுக்கு அப்போது வயசு பதினேழு.

அந்தப் பையனுக்கு மிச்சம் என்ன? கேட்ட சத்தம்தான். தாயிடம் கேட்டது, தட்டில் கேட்டது. அந்தப் பெட்டியில் ஜீன் வின்சென்ட் பாடிய 'பி-பாப்-அ-லூலா' இருந்தது. 1956-ல் வந்த தட்டு. தாய் உயிரோடு இருந்த காலத்துத் தட்டு. அதை 1965-லும் தூக்கிக்கொண்டு அலைகிறார். பத்து வருஷம் கழித்து, 1975-ல், 'ராக் அண்ட் ரோல்' என்று பழைய பாட்டுகளாகவே ஒரு ஆல்பம் போட்டார். அதில் முதல் பாட்டு எது? அதே பாட்டு! நாம் விடலாம். சின்ன வயசில் கேட்டது நம்மை விடாது.

அந்த ஆல்பம் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது எங்கள் அணிக்குக் கொஞ்சம் சங்கடமான காரணம். ஆனாலும் சொல்கிறேன். 1969-ல் 'கம் டுகெதர்' என்று ஒரு பாட்டு போட்டார். அதன் தொடக்கம் சக் பெரியின் பழைய பாட்டு ஒன்றைப் போல இருக்கிறது என்று, அதன் உரிமையை வைத்திருந்தவர் கோர்ட்டுக்குப் போனார். உங்கள் வசம் இருக்கிற பழைய பாட்டுகளை நான் பாடித் தருகிறேன் என்று லெனன் சமாதானம் பேச வேண்டியதாயிற்று. அந்த வழக்கின் வழியாகவும் வந்ததுதான் அந்த ஆல்பம். கேட்டதை மறந்தாற்போல எடுத்தால் சம்மன் வரும்! கேள்வி என்பது செல்வம் மட்டும் இல்லை நடுவர் அவர்களே, அது கடனும்கூட.

யாருக்குக் கடன் என்று பாருங்கள். அந்தப் பெட்டியில் பாடியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். அவர்கள் ஊரிலேயே அவர்களுக்குத் தனி வாசல், தனி இருக்கை என்று ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. 1964 செப்டம்பரில் ஃபுளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரத்தில் பீட்டில்ஸ் கச்சேரி. கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து உட்கார வைத்தால் நாங்கள் வாசிக்க மாட்டோம் என்று அந்த நான்கு பையன்களும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பிரிக்காமல்தான் கச்சேரி நடந்தது. யாரிடம் பாட்டு கேட்டோமோ அவர்களை ஓரமாக நிற்கவைத்துவிட்டு எப்படிப் பாடுவது? கேட்டவனுக்குத்தான் அந்த உறுத்தல் வரும். (கைதட்டல்)

லெனன் 1980 டிசம்பர் 8-ல் நியூயார்க்கில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயசு நாற்பது. பெட்டியில் நாற்பது தட்டு, வாழ்க்கையில் நாற்பது வருஷம். அந்தப் பெட்டி 1989-ல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தது. பிரிஸ்டல் நகரத்தைச் சேர்ந்த ஜான் மிட்விண்டர் என்பவர் 2,500 பவுண்டுக்கு எடுத்தார். எடுத்தவர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு டீ குடிக்கவில்லை. வருஷக் கணக்கில் உட்கார்ந்து பழுது பார்த்தார். கையெழுத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தட்டாகத் தேடினார். 2004-ல் அது ஒரு தொலைக்காட்சி ஆவணப்படமாக வந்தது. அந்தப் பட்டியலில் இருந்த கலைஞர்களைப் போய்ப் பார்த்துப் பேசி எடுத்த படம்.

ஒரு பெட்டி இத்தனை பேரை ஏன் தேட வைத்தது? அதில் பெயர் எழுதியிருந்தது. அதனால்தான்! (சற்று நிறுத்தி) அய்யா, மணி அடிக்கக் கையை நீட்டுகிறீர்கள். தெரிகிறது. இரண்டே நிமிஷம். இதைச் சொல்லாமல் இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

எனக்கும் ஒரு பெட்டி உண்டு. அதைப் பற்றி இதுவரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

எங்க ஊர் சிவகங்கைச் சீமைப் பக்கம். கடைத்தெருவில் ஒரு தையல் கடை. எட்டாவது படிக்கும்போது லீவு நாளில் அங்கே காஜா எடுக்கப் போவேன். சட்டைக்குப் பத்துப் பைசா. கடைக்காரரை ஊரே டெய்லர் மாமா என்றுதான் கூப்பிடும். மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவர் இல்லை. ஆனால் மிஷினை மிதித்துக்கொண்டே பாரதக் கதை சொல்வார் பாருங்க! கால் மிதிக்கிற வேகத்தில் கதையும் போகும். சோகமான இடம் வந்தால் மிஷின் நின்றுவிடும். நூல் அறுந்துவிட்டதா, கதை அறுந்துவிட்டதா என்று தெரியாது.

ஒருநாள் குந்தி கர்ணனைப் பார்க்க வந்த கதை. மிஷினை நிறுத்தினார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏண்டா, குந்தி எதுக்கு வந்தா? மகனைப் பார்க்கவா, மத்த பிள்ளைகளுக்கு உயிர்ப்பிச்சை கேட்கவா?" நான் முழித்தேன். அவரே சொன்னார்: "ரெண்டுக்கும்தாண்டா. அம்மான்னா ரெண்டுக்கும்தான்."

நடுவர் அவர்களே, அந்த ஒரு வரியை வைத்து நான் எத்தனை மேடையில் கைதட்டு வாங்கியிருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். என்னுடைய பார்வை என்று பாராட்டினார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டேன். பாரதத்தில்தான் டாக்டர் பட்டம் வாங்கினேன். ஆய்வேட்டின் கடைசியில் துணைநூற்பட்டியல் பதினாலு பக்கம். படித்த புத்தகம், படிக்காத புத்தகம் எல்லாம் அதில் இருக்கிறது. (சிரிப்பு) டெய்லர் மாமா இல்லை.

சில வருஷத்துக்கு முன்னால் எங்க ஊர்த் திருவிழாவுக்கே பேசக் கூப்பிட்டார்கள். குந்தி கதையைச் சொன்னேன். அந்த வரியைச் சொன்னேன். கூட்டம் தட்டியது. அப்போதுதான் பார்க்கிறேன், கடைசி வரிசையில் மாமா உட்கார்ந்திருக்கிறார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த நிமிஷமாவது "இது அவர் சொன்னது" என்று சொல்லியிருக்கலாம். மைக் கையில் இருந்தது. நான் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்து கீழே வந்தேன். என்ன சொல்லப் போகிறாரோ என்று தலையைக் குனிந்துகொண்டே போனேன். கையைப் பிடித்தார். "நல்லாப் பேசினீங்க தம்பி. ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க. வரும்போது அவளுக்கு அஞ்சு பிள்ளை. திரும்பிப் போகும்போது ஆறு. இனிமே எந்தப் பக்கம் யார் செத்தாலும் அவ அழணும். அதை அன்னைக்கே உங்களுக்குச் சொன்னேனே, மறந்துட்டீங்களா?" என்றார்.

அவர் பெயரைச் சொல்லாமல் விட்டேனே, அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. கதையில் விட்டுப்போனதைத்தான் குறையாகச் சொன்னார். இவர் முன்னால் எனக்கு டாக்டர் பட்டம் எதற்கு? (நீண்ட கைதட்டல்)

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது முறையாக ஒரு சால்வையோடு போய்ப் பார்க்கலாம் என்று இருந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். கடையில் இப்போது செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். சொல்லாமல் விட்ட கடனை இன்றைக்கு இந்த மேடையில் சொல்லிவிட்டேன். அந்த வரி என்னுடையது இல்லை. டெய்லர் மாமாவுடையது.

தாய்மார்களே, பெரியோர்களே! உங்கள் பிள்ளை பாடுகிறதா, பேசுகிறதா, வரைகிறதா? அது யார் ரத்தம், அப்பா வழியா அம்மா வழியா என்று சண்டை போட வேண்டாம். அந்தக் காதில் என்ன விழுகிறது என்று பாருங்கள். நல்லது விழட்டும். இன்றைக்கு ஒரு செல்போனில் பல்லாயிரம் பாட்டு வந்துவிடுகிறது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "நாற்பதே நாற்பது எடுத்து வை, பார்க்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். எழுதி வைக்கச் சொல்லுங்கள். பாட்டின் பெயரை மட்டும் இல்லை, பாடியவர் பெயரையும் சேர்த்து. யாரிடம் கேட்டோம் என்பது தெரிந்த பிள்ளை, பிறகு யாரையும் மட்டமாகப் பேசாது.

எதிரணி அன்பர்களே! லெனனுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. அடுப்பு இருந்தது. ஆனால் அரிசி அந்தப் பெட்டியிலிருந்து வந்தது. வெறும் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு இலை போட்டு உட்கார்ந்தால் பசி ஆறுமா?

ஆகவே நடுவர் அவர்களே, பெரிய கலைஞர்களை உருவாக்குவது கேள்விச் செல்வமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பு எப்படி இருந்தாலும் சரி, எங்களுக்கு முன்னால் இத்தனை பேர் பேசியதைக் காது கொடுத்துக் கேட்ட பிறகுதானே நீங்களும் தீர்ப்புச் சொல்லப் போகிறீர்கள்? அப்படியானால் உங்கள் தீர்ப்பும் கேள்வியில் வந்ததுதானே! (சிரிப்பு, கைதட்டல்)